இல்லாத கவுண்டிக்கு ஒரு ஓட்டுக் கணக்கு

அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல மொத்தம் 105 கவுண்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. 106-வதா ஒண்ணு என் நோட்டுல இருக்கு, பேரு ஹார்கன். தென்மேற்கு மூலையில, ஓக்லஹோமா எல்லைக்கு முப்பது மைல் வடக்க இருக்குன்னு வெச்சுக்கிட்டேன். ஜனத்தொகை 21,400. மாட்டிறைச்சி பிளான்ட் ஒண்ணு, கம்யூனிட்டி காலேஜ் ஒண்ணு, ரயில்பாதை ஓரமா கோதுமை கொட்டி வெக்கிற உசரமான எலிவேட்டர் ரெண்டு, ஊரைச் சுத்தி மாடு கொழுக்க வெக்கிற ஃபீட்லாட்டுங்க, பூமிக்கடியில இருக்குற ஓகலாலா தண்ணியை உறிஞ்சி வட்டம் வட்டமா பாய்ச்சுற மக்காச்சோளக் காடு. ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசுற நாடுகள்ல இருந்து வந்த வம்சம், 58 சதவீதம், வெள்ளைக்காரங்க 34, மத்தவங்க 8. இப்படி ஒரு ஊரே கிடையாது, எல்லாம் நானே எழுதினது. ஆனா 2020 எலெக்ஷன்ல இந்த ஊர் யாருக்கு ஓட்டுப் போட்டிருக்கும்னு நான் போட்ட கணக்கு தப்பு. இல்லாத ஊருக்குப் போட்ட கணக்கு எப்படித் தப்பாகும்னு கேப்பீங்க, அதைத்தான் நாலு வருஷமா எழுதணும் எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே வந்தேன், இப்போ உக்காந்துட்டேன்.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா 2016 நவம்பர் 8 ராத்திரி. நாங்க ஒஹாயோவுல கொலம்பஸ் பக்கம் இருக்கோம். வீட்டுக்காரருக்கு காலையில ஏழு மணிக்கு ஆபீஸ் ஃபோன் மீட்டிங், அவர் பத்து மணிக்கே படுத்துட்டாரு, பொண்ணுக்கு அப்போ ஆறு வயசு, அவளும் தூங்கிட்டா. நான் மட்டும் டிவி முன்னாடி. ரிபப்ளிகனுக்கு சிவப்பு, டெமாக்ரட்டுக்கு நீலம்னு ஸ்டேட் ஸ்டேட்டா நிறம் மாறுறதை விட, அவங்க மேப்பை விரிச்சு கவுண்டி கவுண்டியா காட்டுறப்போதான் எனக்குக் கண்ணை எடுக்க முடியல. டிரம்புல் கவுண்டின்னு ஒண்ணு, வடகிழக்கு ஒஹாயோவுல ஸ்டீல் மில்லு இருந்த பக்கம், 1972-ல நிக்ஸனுக்கு அப்புறம் ரிபப்ளிகன் வேட்பாளர் யாருக்கும் போடாத ஊரு, அன்னிக்கு டிரம்ப்புக்குப் போச்சு. அயோவாவுல ஹோவர்டுன்னு ஒரு சின்ன கவுண்டி, ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரு, 2012-ல ஒபாமா அங்க 20 பாயின்ட்டுக்கு மேல ஜெயிச்சிருந்தாரு, நாலே வருஷத்துல டிரம்ப் 20 பாயின்ட்ல ஜெயிச்சிருக்காரு. அதே மனுஷங்க, அதே வயல், அதே சர்ச். நான் எம்.எஸ்ஸி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவ, படிச்சதுக்கு ஒரு வேலையும் இல்லாம H4 விசாவுல, அதாவது இங்க வேலைக்கு வந்தவரோட மனைவிக்குக் கொடுக்குற விசாவுல, ஏழு வருஷமா வீட்ல இருந்தவ. என்ன எண்ணை எதோட பெருக்கினா இப்படி ஒரு விடை வரும்னு ஒரு அரிப்பு மனசுல. மறுநாள் பொண்ணோட கிராஃப் நோட்டுல ஒண்ணை எடுத்து முதல் கவுண்டியை வரைஞ்சேன்.

ஏன் நிஜக் கவுண்டியை விட்டுட்டு கற்பனைக் கவுண்டின்னா, நிஜத்துல விடை முன்னாடியே தெரியும். விடை தெரிஞ்சா மனசு காரணத்தைத் தானா தயார் பண்ணிடும், ஆமா ஆமா மில்லு மூடிடுச்சு அதான்னு. விடை தெரியாத ஊரா இருந்தாத்தான் நமக்கு நெஜமா என்ன புரிஞ்சிருக்குன்னு வெளிய வரும். ஒரு ஊரை அடியில இருந்து கட்டணும், மண்ணு, தண்ணி, ரயிலு, வேலை, கோயில், யாரு எப்போ வந்தாங்க எல்லாம் எழுதி முடிச்சிட்டு கடைசியா ஓட்டு எழுதணும். அப்புறம் அதே மாதிரி இருக்குற நிஜக் கவுண்டி ரெண்டு மூணைத் தேடி எடுத்து பக்கத்துல வெச்சுப் பாக்கணும். நானே எனக்கு வெச்சுக்கிட்ட பரீட்சை அது.

மண்ணுல இருந்து ஓட்டு வரைக்கும்

மிட்வெஸ்ட்ல கவுண்டி வரையறது ரொம்ப சுகம், ஏன்னா அந்த நிலத்தையே கிராஃப் பேப்பர் மாதிரிதான் வெட்டி வெச்சிருக்காங்க. 1785-ல போட்ட நிலச் சட்டப்படி ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதுக்குள்ள 36 சதுரம், அதுல 16-வது சதுரம் பள்ளிக்கூடத்துக்கு. அந்த மாதிரி பதினாறு டவுன்ஷிப்பை நாலுக்கு நாலா அடுக்கினா அயோவா கவுண்டி ஒண்ணு ரெடி. தெற்க போனா அப்படி நடக்காது, ஆறும் மலையும் போற போக்குல எல்லை வளைஞ்சு வளைஞ்சு போகும், ஜார்ஜியாவுல மட்டும் 159 கவுண்டி. பேர் வெக்கிறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. ஜாக்சன், போல்க்னு அந்தக் காலத்து ஜனாதிபதிங்க பேர் வெச்சா அந்த ஊர் 1830, 40-கள்ல உருவானதா இருக்கும், மேற்க லிங்கன்னு வெச்சா உள்நாட்டுப் போருக்கு அப்புறம், அந்தப் போர்ல தெற்குக்குத் தலைவரா இருந்த ஜெஃப் டேவிஸ் பேரை வெச்சா தெற்கு தோத்ததை இன்னும் ஏத்துக்காத ஒரு காலத்துல. வாஷிங்டன்ங்கிற பேர்ல மட்டும் முப்பது இருக்கு. பேரை எழுதுறப்பவே ஊரோட வயசு பாதி முடிவாயிடும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அலபாமா. டைனோசர் காலத்துல கடல் அந்த மாநிலத்து நடு இடுப்பு வரைக்கும் உள்ள வந்திருந்துச்சு. அந்தக் கரையோரத்துல கோடிக்கணக்கான சின்னச் சின்ன உயிருங்க செத்து அடியில தங்கி சுண்ணாம்பா மாறி, அது மேல கரிசல் மண்ணு வந்துச்சு. கரிசல்ல பருத்தி விளையும், பருத்திக்காக ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுட்டு வந்த மக்களை அடிமையா அங்க கொண்டு வந்து வெச்சாங்க, அவங்க வம்சம் இன்னிக்கும் அங்கயேதான், அதனால இன்னிக்கும் கவுண்டி மேப்பைப் பாத்தா சிவப்புக்கு நடுவுல நீலமா ஒரு பிறை, பழைய கடற்கரை எங்க இருந்துச்சோ கிட்டத்தட்ட அங்கயே. இதை முதல்ல தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அப்படின்னா எல்லாத்தையும் எழுதிடலாம், மண்ணு தெரிஞ்சா போதும்னு தோணுச்சு. வயோமிங் மாதிரி சிவந்த மாநிலத்துல பனிச்சறுக்கு மலை ஒண்ணைப் போட்டா அந்தக் கவுண்டி நீலமாயிடும், டீடன் கவுண்டி நிஜமாவே அப்படித்தான். அப்பலாச்சியா மலைக்குள்ள யூனிவர்சிட்டி ஒண்ணைப் போட்டா அதுவும் நீலம், ஒஹாயோவுல ஏதென்ஸ் கவுண்டி மாதிரி. ஏன்னா மாணவர்கள் படிக்கிற ஊர்லயே ஓட்டுப் போடலாம், டெக்சாஸ்ல ஒரு கவுண்டி அதைத் தடுக்கப் பாத்து 1979-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் தோத்துச்சு. அதே ஊர்ல காலேஜுக்குப் பதிலா ஜெயில் போட்டா கதை வேற, சென்சஸ்ல கைதிங்களை ஜெயில் இருக்குற ஊர்லதான் எண்ணுவாங்க, ஆனா மெய்ன், வெர்மான்ட், வாஷிங்டன் டி.சி. தவிர எந்த மாநிலத்துலயுமே தண்டனைக் கைதிங்க எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. இதெல்லாம் நோட்டுல விதி விதியா எழுதி வெச்சிருந்தேன். ஜெயில் விதியை எழுதின அதே கையாலதான் ஹார்கன் கணக்கையும் போட்டேன். அது என்னைத் தூக்கிப் போட்டிருக்கணும், போடல.

இன்னொரு தடவையும் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஒஹாயோவுல இருக்குற நம்ம ஆளுங்க யாரா இருந்தாலும் வீட்டுக்கு சொந்தக்காரங்க வந்தா ஹோம்ஸ் கவுண்டிக்குக் கூட்டிட்டுப் போவோம், கார் ஓட்டாம பழைய முறையிலயே வாழுற ஆமிஷ்ங்கிற கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க ஊரு, குதிரை வண்டி பாக்க, சீஸ் வாங்க. 2017-ல அத்தையும் மாமாவும் வந்தப்போ போனோம். பாதிப் பேருக்குப் பக்கம் ஆமிஷ். அவங்கள்ல பெரும்பாலானவங்க ஓட்டுப் போட மாட்டாங்க, உலக விஷயத்துல தலையிடக் கூடாதுங்கிற நம்பிக்கை. ஆனா அந்தக் கவுண்டி பத்துக்கு எட்டுக்கு மேல ரிபப்ளிகன். அத்தை வண்டியில இருந்து இறங்கிக் குதிரையைப் பாத்துட்டே, இவங்கெல்லாம் யாருக்கும்மா ஓட்டுப் போடுவாங்கன்னு கேட்டாங்க, நான் போட மாட்டாங்க அத்தைன்னேன். அப்போ இந்த ஊர் ஓட்டு யாரு போடுறதுன்னு கேட்டாங்க. நான் மத்தவங்கன்னு சொல்லிட்டு சீஸ் கடைக்குள்ள போயிட்டேன். அந்தக் கேள்வியோட கனம் எனக்கு அன்னிக்குப் புரியல.

ஹார்கன்

ஹார்கனை 2020 ஆகஸ்ட்ல எழுதினேன். லாக்டவுன் வேற, ரொம்ப ஆசையா எழுதினது, என் நோட்டுலயே பெரிய கவுண்டி அதுதான், பதினோரு பக்கம். 1980-ல ஐபிபி கம்பெனி கான்சாஸ்ல ஃபின்னி கவுண்டியில பெரிய இறைச்சி பிளான்ட் ஒண்ணு திறந்தாங்க, அங்க இருந்துதான் அந்தப் பக்கமே மாறுச்சு. முதல்ல வியட்நாம் அகதிங்க, அப்புறம் மெக்சிகோ, குவாத்தமாலாவுல இருந்து, அப்புறம் சோமாலியாவுல இருந்துன்னு ஆளுங்க வந்தாங்க, கத்தி பிடிக்கிற வேலை, குளிரு, தோள்பட்டை போயிடும். ஹார்கன்லயும் அப்படியே வெச்சேன். மெயின் ஸ்ட்ரீட்ல பழைய துணிக்கடை இருந்த இடத்துல பனாதெரியான்னு மெக்சிகன் பேக்கரி, லூத்தரன் சர்ச்ல ஞாயித்துக்கிழமை மதியம் ஸ்பானிஷ்ல ஆராதனை, ஸ்கூல்ல பதினெட்டு மொழி.

கணக்கு சுலபமாத்தான் தெரிஞ்சுச்சு. அப்போ நாடு முழுக்க ஹிஸ்பானிக் மக்கள் மூணுல ரெண்டு பங்குக்குப் பக்கம் டெமாக்ரட்டுக்குப் போட்டுட்டு இருந்தாங்க, 65-ன்னு வெச்சுக்கிட்டேன். கான்சாஸ் கிராமத்து வெள்ளைக்காரங்க 22-தான் போடுவாங்க. மத்தவங்க பாதிப் பாதி. 58-ல 65 பங்கு, 34-ல 22 பங்கு, 8-ல பாதி, எல்லாத்தையும் கூட்டினா 49. டிரம்ப்புக்கும் ஏறக்குறைய அதே. நூலிழையில பைடன்னு எழுதி அடிக்கோடு போட்டேன். மேற்கு கான்சாஸ் முழுக்கச் சிவப்பு, அதுக்கு நடுவுல நான் கட்டின ஒரு ஊர் மட்டும் ஊதாவா நிக்குது, அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

நவம்பர் முடிஞ்சு ரிசல்ட் எல்லாம் ஒழுங்கா வந்ததும் பக்கத்துல வெக்க மூணு நிஜக் கவுண்டியை எடுத்தேன். ஃபின்னி, ஃபோர்டு, சீவர்டு. மூணுலயும் இறைச்சி பிளான்ட்தான் வாழ்க்கை, மூணுலயும் ஹிஸ்பானிக் பாதியோ அதுக்கு மேலயோ. மூணுலயும் டிரம்ப் 60 சதவீதத்துக்கு மேல. நூலிழையெல்லாம் ஒண்ணும் கிடையாது, பெரிய பள்ளம். நான் முதல்ல நினைச்சது, ஹிஸ்பானிக் மக்கள் அங்க மாறிட்டாங்க போல, 65-ஐ 35 ஆக்கணும் போலன்னு. ஆக்கிப் பாத்தேன், விடை ஓரளவு ஒத்துப் போச்சு. அப்படியே விட்டுட்டேன் கூட. ஆனா மனசுல உறுத்திட்டே இருந்துச்சு, விடை வரணும்னு எண்ணை வளைச்சது நான்தானே.

ஒரு டீச்சர் கேட்டது

எங்க ஊர் லைப்ரரியில பழைய புத்தகம் விக்கிற விற்பனைக்கு சனிக்கிழமை சனிக்கிழமை போய் புத்தகம் பிரிச்சு அடுக்குவேன். வேலை பர்மிட் வர்றதுக்கு முன்னாடி வீட்ல இருக்கப் பிடிக்காம ஆரம்பிச்சது, 2018-ல பர்மிட் வந்து வேலைக்குப் போன பிறகும் விடல. கூட வேலை செய்யுற ஒரு அம்மா, எழுபது வயசுக்கு மேல, ரிட்டயர்டு டீச்சர். 2021 வசந்தத்துல ஒரு நாள் பேச்சுவாக்குல அவங்க சொன்னாங்க, ஒஹாயோவுக்கு வர்றதுக்கு முன்னாடி தென்மேற்கு கான்சாஸ்ல பத்தொன்பது வருஷம் ஒண்ணாங்கிளாஸ் எடுத்தேன்னு. எனக்குக் கை காலே ஓடல. அடுத்த வாரம் நோட்டை எடுத்துட்டுப் போனேன். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் அதுவரைக்கும் காட்டினது கிடையாது.

அவங்க கண்ணாடியை மாத்திட்டு பதினோரு பக்கத்தையும் விரலை வெச்சு வெச்சுப் படிச்சாங்க. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் கலந்து எழுதியிருந்தேன், தமிழ் வர்ற இடத்துல நிறுத்தி என்னைப் பாப்பாங்க, நான் சொல்லுவேன். காத்து எந்தப் பக்கம் அடிச்சா பிளான்ட் வாசனை ஊருக்குள்ள வரும்ங்கிறதை விட்டுட்டியேன்னாங்க. எலிவேட்டர் சரி, ஸ்பானிஷ் ஆராதனை சரின்னாங்க. கடைசிப் பக்கம் கணக்கு வந்ததும் நிதானமா சொன்னாங்க. என் கிளாஸ்ல 24 பிள்ளைங்க இருப்பாங்க, பதினாறு பதினேழு பேரோட அப்பா அம்மா பிளான்ட்ல வேலை, பேரன்ட்ஸ் மீட்டிங் அன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு ரப்பர் பூட்ஸோட நேரா வருவாங்க, ஒருத்தர் விடாம வருவாங்க. எங்க ஸ்கூல் ஜிம்தான் ஓட்டுப் போடுற இடம். பத்தொன்பது வருஷம் நானும் அங்க போய் ஓட்டுப் போட்டிருக்கேன், அந்த அப்பா அம்மாங்கள்ல மூணு பேரைப் பாத்திருப்பேன், நாலு பேரைப் பாத்திருப்பேன்.

அப்புறம் நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளி, நீ இந்த ஊர்ல இருந்தா எந்த எண்ணுல இருப்பேன்னு கேட்டாங்க. குத்திக் கேக்கல, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகிட்ட விடையைத் தானே கண்டுபிடின்னு விடுற மாதிரி. நான் 21,400-ஐத் தொட்டேன். அப்புறம் 49-ஐத் தொடப் போய் கையை எடுத்துட்டேன்.

ஏன்னா அந்த வருஷத்துக்கு முந்தின வசந்தத்துல, 2020 ஏப்ரல்ல, எங்க வீட்டு சென்சஸை ஆன்லைன்ல நிரப்பினதே நான்தான். மூணு பேர்னு போட்டேன். சிட்டிசனான்னு அதுல கேள்வியே கிடையாது, கேக்கணும்னு அரசாங்கம் முயற்சி பண்ணி 2019-ல சுப்ரீம் கோர்ட்ல நின்னு போச்சு. நான் ஒஹாயோவோட ஜனத்தொகையில இருக்கேன், காங்கிரஸ் சீட் பிரிக்கிற கணக்குல இருக்கேன், ஓட்டுல இல்ல. இந்தியாவுல பிறந்தவங்களுக்கு கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம்னு இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், அது வந்து அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் சிட்டிசனுக்கே போட முடியும். ஒவ்வொரு நவம்பர்லயும் கையில வாக்காளர் லிஸ்ட் மாதிரி கிராஃப் நோட்டை வெச்சுட்டு ஊர் ஊரா ஓட்டு எழுதினவ, என்னை மாதிரி ஒருத்திக்கு அந்த நோட்டுல ஒரு கட்டம் கூடப் போடல. 58 சதவீதம்னு ஒரே எண்ணா எழுதி, ராத்திரி ஷிஃப்ட்ல கத்தி பிடிக்கிறவர், அவரோட ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை, பேப்பர் இல்லாதவங்க, பேப்பர் இருந்தும் வரிசையில நிக்கிறவங்க எல்லார் கையிலயும் ஒரு ஓட்டுச்சீட்டைக் கொடுத்துட்டேன். எனக்கு இல்லாததை அவங்களுக்கு நானா கொடுத்துட்டு, அப்புறம் விடை தப்பா வந்ததும் அவங்க மனசு மாறிடுச்சுன்னு பழியும் போட்டிருக்கேன். அதை நினைக்கிறப்போ இப்பவும் எனக்குக் கஷ்டமா இருக்கு.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல இதுக்குப் பக்கத்துல ஒரு பாடமே உண்டு. 1950-ல ராபின்சன்னு ஒருத்தர் எழுதின பேப்பர், மொத்தக் கூட்டத்தோட எண்ணை வெச்சு தனி ஆளைப் பத்தி முடிவு பண்ணாதேன்னு. வெளிநாட்டுல பிறந்தவங்க அதிகமா இருக்குற மாநிலத்துல படிப்பறிவு அதிகமா இருந்துச்சு, ஆனா தனித்தனியா பாத்தா வெளிநாட்டுல பிறந்தவங்களுக்குப் படிப்பறிவு குறைவு, ஏன்னா அவங்க போய் இறங்கினதே படிச்சவங்க இருக்குற ஊருங்க. எம்.எஸ்ஸி.யில பரீட்சைக்கு எழுதி நல்ல மார்க் வாங்கின பாடம்.

அன்னிக்கு ராத்திரி ஹார்கனைத் திரும்ப எழுதினேன். 21,400 பேர். பதினெட்டுக்குக் கீழ 6,500 போச்சு, மீதி 14,900. அதுல சிட்டிசன் இல்லாதவங்க 4,400, மீதி 10,500. அதுல ஓட்டுப் போட வந்தவங்க 5,600. யாருன்னு பிரிச்சுப் பாத்தா வெள்ளைக்காரங்க 3,700, அவங்க வயசானவங்க, வீடு நிலம் உள்ளவங்க, தவறாம வருவாங்க. ஹிஸ்பானிக் 1,600. மத்தவங்க 300. ஊர்ல 58 சதவீதமா இருந்தவங்க பூத்துல 29 சதவீதம். அவங்க டிரம்ப்புக்குப் போட்டதை 38-ன்னு மட்டும் வெச்சாலே டிரம்ப் 64-க்கு மேல போயிடுறாரு. யாரோட மனசையும் நான் பெருசா மாத்த வேண்டியே இல்ல. நிஜத்துல சீவர்டு கவுண்டியில 22,000 பேருக்குப் பக்கம் இருக்காங்க, ஜனாதிபதி தேர்தல்ல விழுந்த ஓட்டு 5,000 சொச்சம்.

இன்னொண்ணும் அப்போதான் உறைச்சுது. சட்டசபைத் தொகுதியை மொத்த ஜனத்தொகையை வெச்சுப் பிரிக்கலாம்னு 2016-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, நடைமுறையும் அதுதான், அதுவே நியாயம்னும் நான் நினைக்கிறேன், பிள்ளைங்களுக்கும் எங்களுக்கும் ரோடும் ஸ்கூலும் வேணும்ல. ஆனா ஹார்கன்ல அதோட அர்த்தம் என்னன்னா, அந்த 5,600 பேர் 21,400 பேரோட எடையோட பூத்துக்குள்ள போறாங்க.

போனவங்களோட ஓட்டு

இருந்தும் ஓட்டுல இல்லாதவங்களைப் பாத்த பிறகு நோட்டுல மத்த ஊரையெல்லாம் திருப்பிப் பாத்தேன், அப்போ இதுக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணு தெரிஞ்சுச்சு. இல்லாதவங்க ஓட்டுல இருக்காங்க. கள்ள ஓட்டைச் சொல்லல. பரம்பரை ஓட்டுன்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், தாத்தா எந்தச் சின்னமோ அப்பா அந்தச் சின்னம்.

அலபாமாவுல வடக்க வின்ஸ்டன்னு ஒரு மலைக் கவுண்டி. பாறை மண்ணு, பருத்தி வராது, அதனால அடிமைங்களை வெச்சிருந்தவங்க ரொம்பக் கொஞ்சம். 1861-ல அலபாமா அமெரிக்காவை விட்டுப் பிரிஞ்சு போறப்போ வின்ஸ்டன் பிரதிநிதி முடியாதுன்னுட்டாரு. பணக்காரன் சண்டைக்கு நாங்க ஏன் சாகணும்னு. போருக்கு அப்புறம் மாநிலமே டெமாக்ரட்டா இருந்த நூறு வருஷத்துல பெரும்பாலும் அந்தக் கவுண்டி லிங்கனோட ரிபப்ளிகன் கட்சிக்கே போட்டுச்சு. டென்னசியில ஸ்காட் கவுண்டி 1861-ல மாநிலத்துல இருந்தே விலகுறோம்னு தீர்மானம் போட்டு, அதை வாபஸ் வாங்கினது 1986-ல. எதிர்ப்பக்கம் கென்டக்கியில எலியட் கவுண்டி, ஏழாயிரம் பேர் சொச்சம், அத்தனை பேரும் வெள்ளைக்காரங்கன்னே சொல்லலாம், ஏழை ஊரு. 1869-ல உருவானதுல இருந்து 2012 வரைக்கும் ஒரு தடவை கூட ஜனாதிபதி தேர்தல்ல டெமாக்ரட்டை விடல. ஒபாமாவுக்குக் கூட ஜெயிப்பு கொடுத்தாங்க. எந்த வருமானத்தையும் படிப்பையும் போட்டுப் பெருக்கினாலும் இந்த விடை வராது. அது கொள்ளுத்தாத்தா போட்ட ஓட்டு. 2016-ல டிரம்ப்புக்கு 70 சதவீதம். நூத்தி நாப்பது வருஷ ஞாபகம் ஒரே தேர்தல்ல தீர்ந்து போச்சு, எந்த நாள் தீரும்னு எப்படி எழுதுறது?

2024-லயும் இதேதான். டெக்சாஸ்ல ரியோ கிராண்டே ஆத்தோரமா ஒரு கவுண்டி எழுதியிருந்தேன், 96 சதவீதம் ஹிஸ்பானிக், ஆனா 1848-ல மெக்சிகோ எல்லைக்கோடு அவங்க மேல நகர்ந்து வர்றதுக்கு முன்னாடி இருந்தே அங்க இருக்குற குடும்பங்க, பெரும்பாலும் பிறப்பால சிட்டிசன். இந்தத் தடவை கட்டமெல்லாம் சரியாப் போட்டேன். பார்டர் பேட்ரோல் வேலை, எண்ணெய்க் கிணத்து வேலை எல்லாம் எழுதினேன். இருந்தாலும் நூறு வருஷப் பழக்கம் இன்னும் ஒரு தேர்தல் தாங்கும்னு நினைச்சு ஹாரிஸ்னு போட்டேன். பக்கத்துல வெச்ச நிஜக் கவுண்டி ஸ்டார், 1892-க்கு அப்புறம் முதல் தடவையா ரிபப்ளிகன் வேட்பாளருக்குப் போச்சு. ஹார்கன்ல தப்பு பண்ணினப்போ மனுஷங்களை எண்ணத் தெரியாம பண்ணினேன். இதுல அப்படி இல்ல, எண்ணினது சரி, பழைய ஓட்டு எத்தனை நாள் தாங்கும்ங்கிறதுதான் பிடிபடல. இந்தத் தப்பு எனக்கு வலிக்கல.

ஹார்கனோட முதல் பக்கம்

அதனால இப்போ எந்தக் கவுண்டி எழுதினாலும் நூத்தம்பது வருஷம் பின்னாடி போய் ஆரம்பிக்கிறேன். ஹார்கனுக்கும் போன குளிர்காலத்துல முன்பக்கம் சேர்த்தேன். 1887-ல உருவான கவுண்டி. முதல்ல வந்தவங்கள்ல ரஷ்யாவுல இருந்து கோதுமை விதையோட வந்த ஜெர்மன்காரங்க. இங்கிலீஷ் தெரியாது, சர்ச்சும் ஸ்கூலும் ஜெர்மன்ல. அவங்க எப்போ இருந்து ஓட்டுப் போட்டிருப்பாங்கன்னு எழுதுறதுக்காக கான்சாஸ் அரசியல் சட்டத்தைத் தேடிப் படிச்சேன். 1859-ல எழுதின சட்டம். வெளிநாட்டுல பிறந்த வெள்ளைக்கார ஆம்பளை, நான் சிட்டிசன் ஆகப்போறேன்னு ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்துட்டா போதும், ஓட்டுப் போடலாம். ஆகியிருக்கணும்னு இல்ல, ஆகப்போறேன்னு சொன்னா போதும். பல மாநிலத்துல இப்படித்தான் இருந்துச்சு, காலி நிலத்துக்கு ஆள் வேணும்ல. கடைசியா ஆர்கன்சாஸ் 1926-ல நிறுத்துச்சு.

அதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன். ஹார்கன்ல இன்னிக்கு பூத்துக்கு வர்ற அந்த 3,700 பேர்ல பாதிப் பேரோட கொள்ளுத்தாத்தா சிட்டிசன் ஆகுறதுக்கு முன்னாடியே ஓட்டுப் போட்டவரு. நானே எழுதின தாத்தாதான், ஆனாலும் அவர்கிட்ட ஏதோ கேக்கணும் போல இருந்துச்சு.

என் பொண்ணு 2010 ஜூலையில இங்க பிறந்தவ. 2028 நவம்பர்ல அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருக்கும், எங்க வீட்டுல முதல் ஓட்டு அவளோடது. நோட்டைப் பத்தி அவளுக்குத் தெரியும், சின்ன வயசுல அதுல மாடு வரைஞ்சவ. போன வாரம் ஹார்கன் பக்கத்தைப் புரட்டிட்டு இருந்தவ, அம்மா 6,500 பிள்ளைங்கன்னு 2020-ல போட்டிருக்கியே, அதுல 2028-க்குள்ள எத்தனை பேருக்குப் பதினெட்டு ஆகும்னு கேட்டா. நான் போடலன்னேன். பென்சில் எடுத்து, 2020-ல பத்து வயசுல இருந்து பதினேழு வயசு வரைக்கும்னு ஓரத்துல எழுதிக்கிட்டு, ஒரு வயசுக்கு 360 பேர்னு வெச்சுக்கலாமா, எட்டு வயசு, ஆனா படிச்சு முடிச்சதும் விச்சிட்டாவுக்குப் போயிடுறவங்களைக் கழிக்கணும்ல, எத்தனை பேர் போவாங்கன்னு கேட்டா. எனக்குத் தெரியல, டீச்சரம்மாகிட்ட சனிக்கிழமை கேக்குறேன்னு சொல்லியிருக்கேன். அந்தக் கட்டத்தை அவ காலியா விட்டு வெச்சிருக்கா.